ஒரு பேட்டரி புதுசு

ஆசிட் பார்க்கும் கண்ணாடிக் குழாயை எங்கள் டிரைவர் ஒரு காக்கிக் கம்பளிக் காலுறைக்குள் சுற்றி வைத்திருப்பார். ஒரு சாண் நீளம் இருக்கும். ஒரு முனையில் ரப்பர்க் குமிழ், மறு முனையில் மெல்லிய மூக்கு, உள்ளே எண்கள் எழுதிய சின்ன மிதவை. சனிக்கிழமை மத்தியானம் லாரி மண்டிக்குத் திரும்பி, எஞ்சின் சூடு ஆறிய பிறகு அந்தக் காலுறையைப் பிரிப்பார். டிரைவர் இருக்கைக்கு அடியில் இருந்த பலகையைத் தூக்கினால் இரண்டு பேட்டரிகள் ஒட்டினாற்போல் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஆறு மூடிகள். மூடியைத் திருகி எடுத்து, குழாயின் மூக்கை உள்ளே விட்டு, குமிழை அமுக்கி விடுவார். ஆசிட் குழாய்க்குள் ஏறி, மிதவை கொஞ்சம் ஆடி, நிற்கும். அது நிற்கிற வரைக்கும் அவர் மூச்சு விடமாட்டார். பிறகு எண்ணைச் சொல்வார், நான் நோட்டில் எழுதிக்கொள்வேன். பன்னிரண்டு மூடி, பன்னிரண்டு எண். ஆயிரத்து இருநூற்று அறுபது என்றால் நல்ல உயிர். ஆயிரத்து நூற்று ஐம்பது என்றால் செத்ததற்குச் சமம். நான் எழுதிய எண்களெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில், வாரத்துக்கு வாரம் கீழே இறங்கிக்கொண்டிருந்தன.

யுத்தம் முடிந்த மறு வருஷம் அது. பத்தாவது தேறிவிட்டு, தருமபுரிப் பக்கம் ஒரு ரயிலடியை ஒட்டி இருந்த புளி, நிலக்கடலை மண்டியில் குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததில்லை. அப்பாவுக்குச் சொந்தத்தில் ஒன்றரை ஏக்கர் கேழ்வரகுக் காடு, ஒரு ஜோடி மாடு. மண்டியில் எனக்கு நாற்காலி போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அதைப் பார்ப்பதற்கென்றே ஒருநாள் வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. முதுகுப் பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.

முதலாளி மாட்டுவண்டியில் மேலே வந்தவர். எட்டு ஜோடி மாடுகள் வைத்து, சேலத்துக்கும் கிருஷ்ணகிரிக்கும் சரக்கு அடித்தவர். அவர் வீட்டில் பேசுவது கன்னடம், எங்களிடம் தமிழ், கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும். மிலிட்டரிக்காரர்கள் கழித்துப் போட்ட லாரி ஒன்றைப் பெங்களூரில் ஏலம் எடுத்து வந்திருந்தார். பெட்ரோல் இல்லை, டீசலில் ஓடுவது. டீசலை அப்போது எங்கள் பக்கத்தில் குரூடாயில் என்பார்கள். நாலு ஊர் தள்ளி வரும்போதே சத்தம் கேட்கும். ஏலத்தில் வரும்போதே அந்த இரண்டு பேட்டரிகளும் அதில் இருந்தன. எத்தனை வருஷம் எந்தக் காட்டில் உழைத்தவையோ தெரியாது.

பஞ்சம் போன்ற காலம். ரயிலில் வரும் ரேஷன் தானியத்தைக் கூட்ஸ் ஷெட்டில் ஏற்றி, பாப்பாரப்பட்டி, பென்னாகரம் பக்கத்து டிப்போக்களில் இறக்குவதுதான் எங்கள் லாரிக்கு வேலை. போய்ச் சேரும்போது சனங்கள் பையை மடியில் வைத்துக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். லாரி சத்தம் கேட்டதும் எல்லோரும் ஒருசேர எழுந்திருப்பார்கள். அந்த எழுந்திருப்பைப் பார்த்தவர்களுக்கு, லாரி காலையில் கிளம்பாவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

கிளம்புவதுதான் பெரும்பாடு. டீசல் எஞ்சினைச் சுற்றிவிட நல்ல பலம் வேண்டும், அந்தப் பலம் பேட்டரியிலிருந்து வரவேண்டும். எங்கள் பேட்டரிகள் ஒருநாள் சுற்றும், ஒருநாள் இருமிவிட்டு நின்றுவிடும். ஓடுகிற எஞ்சினை நிறுத்தாமல் வைத்திருக்கலாம் என்றால், எண்ணெயும் அளவுக்கு மேல் கிடைக்காத காலம். நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிடக் கூடாது என்று முதலாளி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இறக்கத்தில் உருட்டிவிட்டால் பேட்டரி இல்லாமலே எஞ்சின் பற்றிக்கொள்ளும். ஆகவே டிரைவர் இறக்கம் பார்த்தே லாரியை நிறுத்துவார். எந்த ஊரில் எந்த மரத்தடியில் மூன்று விரல் சரிவு இருக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். அதியமான்கோட்டையில் டீ குடிக்கவேண்டும் என்றால் கடையைத் தாண்டி இருநூறு அடி போய், மேட்டில் நிறுத்திவிட்டு, நடந்து திரும்பி வருவார்.

"எங்கண்ணன் தங்கச்சிக்கு மாப்பிள்ளை பாக்கும்போதுகூட இம்மாம் தூரம் நடக்கலீங்க" என்பார் கிளீனர். என்னைவிட வயதில் மூத்தவர், வாய் ஓயாதவர்.

"மாப்பிள்ளைய நாலு பேர் தள்ளுனா நவுந்துருவான்டா. இது நவுராது" என்பார் டிரைவர். சிரிக்கமாட்டார்.

அவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பார்த்தால் நாற்பத்தைந்து சொல்லலாம். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் குடியானவக் குடும்பம். பட்டாளத்தில் சேர்ந்து, பர்மா எல்லை வரைக்கும் லாரி ஓட்டிவிட்டு வந்தவர். ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசைக்குப் போவதற்கு மட்டும் வெள்ளைச் சட்டை போடுவார். மற்ற நாட்களில் போடுவதெல்லாம் ஆசிட் பட்டுப் பொத்தல் விழுந்த காக்கிதான். பட்டாளக் கதை சொல்லச் சொல்லிக் கேட்டால், "அங்கியும் இதேதாம்பா. வண்டி கெளம்பாது, அதிகாரி கத்துவாரு" என்று முடித்துவிடுவார். அவரிடம் இருந்த களைப்பை நான் அப்போது ஒரு சுபாவம் என்றுதான் நினைத்தேன்.

பேட்டரிக்கு அவர் கிணற்றுத் தண்ணீர் ஊற்றவிடமாட்டார். எங்கள் பக்கத்துத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களின் பல்லைப் பார்த்தாலே ஊர் தெரியும். பழுப்புக் கோடு விழுந்திருக்கும். என் பல்லும் அப்படித்தான். "மனுசன் பல்லையே தின்ற தண்ணி, ஈயத் தகட்டை சும்மா விடுமா?" என்பார். மழை வரும்போது மண்டி முற்றத்தில் நாலு கழியை நட்டு, துவைத்த வெள்ளை வேட்டியைக் கட்டி, நடுவில் ஒரு கூழாங்கல்லைப் போட்டு, அந்தத் தாழ்விலிருந்து சொட்டும் நீரைப் பீங்கான் ஜாடியில் பிடிப்பார். கூரைத் தண்ணீர் கூடாது, ஓட்டுத் தூசி இறங்கும் என்பார். முதல் மழையைப் பிடிக்கமாட்டார், இரண்டாவது மழையிலிருந்துதான். ஊறுகாய் ஜாடி என்று நினைத்து மூட்டை தூக்குகிறவர்கள் யாராவது திறந்து பார்த்துவிட்டு, "இன்னா டிரைவரே, வெறுந்தண்ணிக்கா இத்தினி பூட்டு?" என்று கேட்பார்கள்.

பேட்டரியின் முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூஞ்சை போல ஒன்று பூத்துவிடும். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை சோடா உப்புக் கரைத்த வெந்நீரை ஊற்றி அதைக் கழுவவேண்டும். நுரைத்துக்கொண்டு சீறும். அப்படிக் கழுவிக்கொண்டிருந்த ஒரு நாளில், அவர் வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்து நீவுவதைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டேன். சொல்லமாட்டார் என்றுதான் நினைத்தேன். சொன்னார்.

பட்டாளத்தில் இதே மாதிரி ஒரு லாரி. பேட்டரி செத்துப்போய், எஞ்சினைக் கையால் சுற்றிக் கிளப்பும் இரும்புக் கைப்பிடியை முன்னால் செருகிச் சுற்றியிருக்கிறார். எஞ்சின் எதிர்ப்பக்கமாக உதைத்து, மணிக்கட்டு முறிந்தது. கூடாரத்து ஆஸ்பத்திரியில் வைத்துக் கட்டியது கொஞ்சம் கோணலாகவே கூடிவிட்டது.

"இன்னொரு வாட்டி முறிஞ்சா அப்பறம் எலும்பு கூடாதுன்னு அந்த டாக்டரு சொல்லி அனுப்பிச்சாரு. மொதலாளி காதுக்குப் போவ வேணாம் தம்பி. கை கோணுன டிரைவரை எவன் வெச்சிக்குவான்? வூட்டுல ரெண்டு பொட்டப் புள்ளைங்க."

நான் யாரிடமும் சொல்லவில்லை. இதைப் பெருமையாக எழுதவில்லை. சொல்லாமல் இருந்தது மட்டுமே அவருக்காக நான் செய்த நல்லது என்று பிற்பாடு ஆகிவிட்டதால் எழுதுகிறேன்.

புதுப் பேட்டரி கடையில் போய்க் கேட்டால் கிடைக்கிற காலமாக அது இல்லை. அனுமதிச் சீட்டு வேண்டும், அதற்கு மனு எழுதவேண்டும், மனு இங்கிலீஷில் இருக்கவேண்டும். அதுவரை பள்ளிக்கூடத்தில் பசுவைப் பற்றியும் ரயில் பிரயாணத்தைப் பற்றியும்தான் இங்கிலீஷில் எழுதியிருந்தேன். மூன்று மனுக்கள் எழுதினேன். ஒவ்வொன்றையும் எழுதி முடித்ததும் டிரைவருக்குத் தமிழில் சொல்வேன். "ரெண்டு வேணும்னு போட்டியா? ரெண்டுன்னு நம்பர் போட்டு, எழுத்துலயும் போடு" என்பார். போட்டேன். மூன்றாவது மனுவுக்குப் பதில் வந்தது. இரண்டு கேட்டதற்கு ஒன்று இப்போது. மற்றது அடுத்த ஒதுக்கீட்டில் பரிசீலிக்கப்படும்.

ஆயுத பூஜைக்கு நாலு நாள் முன்னால் அந்த ஒன்று ரயில் பார்சலில் வந்தது. பலகைப் பெட்டிக்குள் வைக்கோல், வைக்கோலுக்குள் கறுப்பாக, எண்ணெய் தேய்த்துக் குளித்தது போல. கூடவே ஒரு தடித்த அட்டை. முதலாளி, டிரைவர், கிளீனர் மூவரும் நின்றுகொண்டிருக்க நான் அட்டையைப் படித்துச் சொன்னேன். எப்படி ஆசிட் ஊற்றுவது, எத்தனை மணி நேரம் ஊறவிடுவது எல்லாம் சொல்லிவிட்டு, கடைசி வரிக்கு வந்தேன். இரண்டு பேட்டரி உள்ள வண்டியில் இரண்டையும் ஒன்றாகவே மாற்றவேண்டும், பழையதோடு புதியதைச் சேர்க்கக் கூடாது என்று இருந்தது.

டிரைவர் அட்டையைப் பார்த்தார். "அதாங்க மொதலாளி. நானும் சொல்றது. இது இருக்கட்டும், அடுத்தது வர்ற வரைக்கும் தனியா வெச்சி சார்ஜ் போட்டுக் காப்பாத்தலாம். பழசு ரெண்டும் ஒண்ணா வந்துது, ஒரே வயசு. தள்ளியோ முக்கியோ ரெண்டு மாசம் ஓட்டிடலாம். ரெண்டு புதுசையும் சேத்து மாட்டுனா மூணு வருசத்துக்குக் கவலையில்ல."

முதலாளி மூட்டை மேல் உட்கார்ந்து வெற்றிலையை மடித்தார். "ஏம்பா, புதுசை வைக்கோல்ல போட்டு வெச்சிட்டு, கெழட்டை வெச்சி இழுக்கச் சொல்றியா? புது மாட்டை எப்பிடிப் பழக்குறோம்? கெழட்டு மாட்டோட சேத்து நுகத்துல பூட்டித்தானே? கெழடு வழி காட்டும், இளசு பாரத்தை இழுக்கும். எட்டு ஜோடி வெச்சிருந்தவன்கிட்ட நீ சொல்றே."

"மாடுன்னா நோஞ்சானுக்குத் தோதா கயித்தை நவுத்திப் பூட்டிக்கலாங்க. இதுல எதை நவுத்துறது?"

கிளீனர் சிரித்துவிட்டார். முதலாளி சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுப்பா. நீதான் படிச்ச பையன். உங்கப்பனும் மாடு பழக்குனவன். அட்டையை எழுதுனவன் விக்கிறவன். ரெண்டு வாங்குன்னுதான் எழுதுவான். புதுசு பழசை இழுத்துக்காதா?"

அந்தக் கணத்தை நான் பல தடவை திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறேன். பயந்து சொன்னேன் என்று வைத்துக்கொள்ள ஆசைதான். பயம் என்றால் மன்னிக்கலாம். உண்மையில் முதலாளி சொன்னது எனக்குச் சரியாகவே பட்டது. எங்கள் காட்டில் அப்பா கன்றைப் பழக்கியது கண்முன் வந்தது. வலது பக்கம் கிழட்டு மயிலை மாடு, இடது பக்கம் திமிறும் கன்று. மூன்றாம் நாள் இரண்டும் ஒரே உழவுச் சாலில் போனதை நான் கண்ணால் பார்த்தவன். அட்டையில் இருந்த இங்கிலீஷ் வரியை நான் படித்தேன், மாட்டை நம்பினேன். அதோடு, ஒரு முதலாளி மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு என்னிடம் அபிப்பிராயம் கேட்கிறார், அப்பாவையும் சேர்த்துச் சொல்லிக் கேட்கிறார் என்ற குளிர்ச்சி வேறு. டிரைவரின் மணிக்கட்டு எனக்கு ஞாபகம் வரவில்லையா என்றால், வந்தது. புதுப் பேட்டரி வந்துவிட்டால் அவர் கைப்பிடியைத் தொடவே வேண்டாமே என்றுதான் வந்தது.

"இழுத்துக்குங்க" என்றேன்.

டிரைவர் என்னைப் பார்த்தார். கோபம் எதுவும் இல்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் ரோடு உடைந்திருக்கிறது என்று யாராவது வந்து சொன்னால் எப்படிப் பார்ப்பாரோ அப்படி. பிறகு குனிந்து, பழைய இரண்டில் எது மோசம் என்று பார்த்து அதைக் கழற்றினார்.

ஆயுத பூஜையன்று முதலாளி பேட்டரிக்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார். மூடிகளில் ஆவி போக இருந்த பொடித் துளைகளெல்லாம் சந்தனத்தால் அடைத்துக்கொண்டன. பூசணிக்காய் உடைத்து எல்லோரும் பொரி வாங்கப் போன பிறகு, டிரைவர் ஒரு துடைப்பக் குச்சியை எடுத்து ஒவ்வொரு துளையாகக் குத்தித் திறந்தார். "மூச்சு விடட்டும்" என்றார்.

ஐந்து வாரம் லாரி ராஜா மாதிரி கிளம்பியது. பொத்தானை அமுக்கின மாத்திரத்தில் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். கிளீனருக்குக் கொண்டாட்டம். "அண்ணே, இறக்கம் பாக்காம நிறுத்துங்கண்ணே. ஒரு நாளாச்சும் கடை முன்னால எறங்கி டீ குடிக்கலாம். புதுப் பொண்டாட்டி வந்தப்பறமும் சமையக்கட்டை எட்டிப் பாக்குறீங்களே" என்று சீண்டுவார். டிரைவர் அப்போதும் மேட்டைத் தேடிப் போய்த்தான் நிறுத்தினார். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "பாத்தியா, நாம சொன்னது" என்றார். நாம என்றார். அன்றைக்கு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் அதைச் சொன்னேன்.

சனிக்கிழமை எண்கள் வேறு விதமாகப் போயின. பழையதில் ஒரு மூடிக்குக் கீழிருந்த அறை ஆயிரத்து நூற்று ஐம்பதுக்குக் கீழே போய், மேலே ஏறவேயில்லை. ஓடும்போது டைனமோ கொடுக்கும் மின்சாரத்தைப் பழையது ஏற்கமாட்டேன் என்றது. அதற்கும் சேர்த்துப் புதியதின் மேல் ஏறியது. புதியதைத் தொட்டால் சுட்டது. மூடியைத் திறந்தால் உலை மாதிரி கொதித்த வாசனை வந்தது. வாரத்துக்கு ஒரு தடவை ஊற்றின மழைத்தண்ணீரை இப்போது இரண்டு நாளைக்கு ஒரு தடவை ஊற்றினார். ஐப்பசி மழையில் பிடித்து வைத்த ஜாடி கார்த்திகை பாதியில் காலியானது. கார்த்திகைக் கடைசியில் புதியதின் பக்கவாட்டுச் சுவர் லேசாக உப்பியிருந்தது. அவர் என் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினார். நான் நோட்டில் எழுதவேண்டிய எண்ணை மட்டும் சொன்னார்.

மார்கழியில் எங்கள் ஊர்க் குளிர் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அந்தக் குளிரில் புதுசும் சுற்றவில்லை, பழசும் சுற்றவில்லை. மேடு கிடைத்த இடத்தில் மேடு. மேடில்லாத கூட்ஸ் ஷெட்டில் கைப்பிடி. எஞ்சினுக்குள் காற்று அடைபடாமல் திறந்துவிட ஒரு சின்ன நெம்பு உண்டு. கிளீனர் அதைப் பிடித்துக்கொள்வார், டிரைவர் முன்னால் குனிந்து கைப்பிடியைச் சுற்றுவார், வேகம் ஏறியதும் "விடு" என்பார். எஞ்சின் பற்றிக்கொண்டால் ஆயிற்று. பற்றாமல் எதிர்ப்பக்கம் உதைத்தால் கையை எடுத்துக்கொள்ள நேரம் இருக்காது.

இரண்டாம் நாளே நான், "நான் சுத்தட்டுங்களா அண்ணே?" என்றேன்.

"போ தம்பி. நீ மனு எழுது. அந்த ரெண்டாவது பேட்டரி எங்கன்னு கேட்டு எழுது."

எழுதினேன். வாரம் ஒன்று எழுதினேன்.

முதலாளியிடம் மணிக்கட்டு விஷயத்தைச் சொல்லிவிடலாமா என்று அந்த நாட்களில் தினமும் யோசித்தேன். சொன்னால் அவர் வேலை போகும். சொல்லாவிட்டால் கை போகும். அப்படித் தெளிவாக நான் அன்றைக்கு நினைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. காலையில் லாரி எப்படியோ கிளம்பிவிடும், நானும் நாற்காலிக்குத் திரும்பிவிடுவேன்.

பொங்கலுக்கு ஒரு வாரம் இருந்தபோது, சாயங்காலம் சரக்கு ரயில் வாகன் வந்து சேர்ந்ததால் மூட்டைகளை ஏற்றி லாரியைக் கூட்ஸ் ஷெட்டிலேயே விட்டிருந்தார்கள். விடிந்து போனோம். எண்பது மூட்டை கேழ்வரகு. தள்ளவும் முடியாது. பனி எஞ்சின் மூடியில் முத்து முத்தாக நின்றது. டிரைவர் கைப்பிடியைச் செருகி, துண்டைக் கையில் சுற்றிக்கொண்டார். கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்தே வைத்துக்கொண்டார். கைப்பிடியைக் கவ்விப் பிடிக்கக் கூடாது என்பது பட்டாளத்துப் பாடம். நாலு தடவை சுற்றி நிறுத்தினார். மூச்சு வாங்கினார். மறுபடி நாலு. மூட்டை தூக்குகிறவர்கள் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு பார்த்தார்கள். ஒருவர், "டிரைவரே, கேப்பைக் களி தின்னுட்டு வந்து சுத்துங்க" என்றார். டிரைவர் குனிந்தபடியே, "களி இந்த மூட்டைக்குள்ளதான் கெடக்குது. வண்டி போனாத்தான் எல்லாருக்கும் களி" என்றார். அந்தக் கையால் கடைசித் தடவையாகச் சுற்றுவதற்கு முன்னால் அவர் பேசிய பேச்சு அதுதான். மறுபடி சுற்றினார்.

"விடு" என்றார். கிளீனர் சரியாகத்தான் விட்டார். யார் பேரிலும் பிசகு இல்லை. எஞ்சின் ஒரு இருமல் இருமி எதிர்ப்பக்கம் அடித்தது. சத்தம் பெரிதாக இல்லை. ஈர விறகு முறிகிற மாதிரி. அவர் கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, லாரியின் முன் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். "நிறுத்துங்கடா, நெம்பைப் பிடிங்கடா" என்று மட்டும் சொன்னார். லாரி தானாகக் கிளம்பிவிடுமோ என்ற கவலை அவருக்கு.

பெரியாஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். அன்றைக்குத்தான் முதலாளிக்குப் பழைய முறிவு தெரிந்தது, டாக்டரே சொன்னார். முதலாளி கெட்டவரில்லை. டிரைவர் வீட்டுக்கு இரண்டு மூட்டை கேழ்வரகு அனுப்பினார். "மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதாப்பா?" என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். அதற்கு டிரைவர் என்னைப் பார்க்காமல் மேலே உத்தரத்தைப் பார்த்தார். நான் தெரிந்தும் சொல்லாதவன் என்பதை அவர் அப்போதும் காட்டிக்கொடுக்கவில்லை.

அடுத்த மூன்றாவது வாரம் இரண்டாவது பேட்டரி வந்தது. பலகைப் பெட்டி, வைக்கோல், தடித்த அட்டை. முதலில் வந்த புதுசு அதற்குள் தகடு வளைந்து, உப்பிப்போய், மண்டி மூலையில் சாக்குக்கு அடியில் கிடந்தது. முதலாளி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. காத்திருந்தால் இரண்டும் புதுசாக அன்றைக்கு லாரியில் ஏறியிருக்கும். இதை எழுதுவதற்கு இங்கிலீஷும் வேண்டாம், பத்தாவதும் வேண்டாம்.

நான் இப்போது சேலத்தில் ஒரு பஸ் கம்பெனி ஆபீஸில் இருக்கிறேன். இங்கே பேட்டரி மாற்றவேண்டுமென்றால் மேஸ்திரி ஒரு சீட்டு அனுப்புவார், ஜோடியாகக் கொடுத்துவிடுவார்கள். யாரும் யாரையும் கேட்பதில்லை. சீட்டில் நான் கையெழுத்துப் போடுகிறேன். சில சமயம் மேஸ்திரி, "ஒண்ணு நல்லாத்தான் சார் இருக்குது, ஒண்ணை மட்டும் மாத்தலாமா?" என்று கேட்பார். வேண்டாம் என்று சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடுகிறது போலிருக்கிறது. அவர் என்னைக் கோபக்காரன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அந்த வருஷப் பங்குனியில் டிரைவருடைய கட்டைப் பிரித்தார்கள். கை கூடவில்லை என்று சொல்வதா, கூடியது என்று சொல்வதா தெரியவில்லை. மணிக்கட்டு ஒரு பக்கமாகத் திரும்பி நின்றது. விரல்கள் பாதிக்கு மேல் மடங்கவில்லை. லாரிக்கு வேறு டிரைவர் வந்துவிட்டார். இவர் ஒருநாள் காலை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மண்டிக்கு வந்தார். தன் பேரில் இருந்த லாரிச் சாமான்களை ஒப்படைக்க வேண்டும், ஒரு நற்சாட்சிக் கடிதமும் வேண்டும். மலைப்பக்கம் ஒரு துரை தோட்டத்தில் காவல் வேலை இருக்கிறதாம்.

கடிதத்தை எழுத ஆரம்பித்தேன். வேலையை விட்ட காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது.

"அண்ணே, நான்தானே இழுத்துக்கும்னு சொன்னேன்" என்றேன். மூன்று மாதமாக வாய்க்குள் கிடந்த வார்த்தை.

"ஆமா. நீதான் சொன்னே" என்றார். அவ்வளவுதான். பேனா நின்ற இடத்தை எட்டிப் பார்த்து, "சொந்தக் காரியமா விட்டாருன்னு போடு. கைன்னு போட்டா காவலுக்கும் வெச்சிக்க மாட்டான்" என்றார்.

அப்படியே எழுதி, முதலாளியின் கையெழுத்தை வாங்கிக் கொடுத்தேன். பிறகு சாமான் பட்டியலை வைத்தேன். ஜாக்கி ஒன்று, திருகுச் சாவி நாலு, சங்கிலி ஒன்று, கைப்பிடி ஒன்று. சரிபார்த்துவிட்டுக் கீழே கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார். அவர் பட்டாளத்தில் எழுத்துக் கூட்டப் படித்தவர். இங்கிலீஷில் தன் பெயரைச் சாய்வாக, கடைசி எழுத்தை ஒரு சுழி சுழித்து எழுதுவார். வலது விரல்களுக்கு நடுவில் பேனா நிற்கவில்லை. இடது கைக்கு மாற்றினார். காகிதத்தின் மேல் சின்னக் குழந்தை கிழித்தது போல ஒரு கோடு விழுந்தது. அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

"மைப்பெட்டியை எடு தம்பி."

எங்கள் வீட்டில் பெருவிரலில் மை படாமல் வளர்ந்த முதல் ஆள் நான். மைப்பெட்டியைத் திறந்து நீட்டினேன். அவர் இடது பெருவிரலை அதில் வைத்து அழுத்தினார். காகிதத்தில் வைக்கும்போது நகர்ந்துவிடாமல் இருக்க நான் அந்த விரலைப் பிடித்துக்கொண்டேன். ரேகை வைத்தால் அது யாருடையது என்று எழுதத் தெரிந்தவர் யாராவது கீழே எழுதவேண்டும் என்பது வழக்கம். அவர் விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டு, கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்து, "வர்றேன் தம்பி" என்று வெளியே போனார். நான் நாற்காலியில் உட்கார்ந்து, ரேகைக்குக் கீழே, என் அழகான கையெழுத்தில் அவர் பெயரை எழுதினேன்.